சேமிக்காமல் விட்ட ஒரு வரி

சென்ற மாதம் தேனியில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கணினிப் பிரிவில் இப்போது என் இடத்தில் இருக்கும் சுகன்யா, புதிதாக வந்திருக்கும் மென்பொருளைத் திறந்து காட்டினாள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி என்று எல்லாக் கிளைகளிலும் கணினிகளை இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் பெட்டிகளின் அமைப்பை அது மணிக்கொரு தரம் தானாகவே எடுத்து வைத்துக்கொள்கிறது. யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலும் வந்து நிற்கிறது. மாற்றியவரின் பெயரும் நேரமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

"இனிமே நோட்டு வேண்டாம்ல மேடம்?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இருபது வருடம் நாங்கள் கையால் எழுதியதைவிட இது நன்றாகவே செய்கிறது. ஆனால் திரையின் வலது ஓரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் மென்பொருள் மேலே போக விடாது. அதனால் பிரிவில் வேலை செய்யும் பிள்ளைகள் அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலிருந்து கீழே வரைக்கும் புள்ளி, புள்ளி, புள்ளி.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு சுகன்யா சொன்னாள்: "நீங்க எதுக்கு அம்புட்டுப் பிடிவாதமா இருந்தீகன்னு இவுகளுக்குத் தெரியாது மேடம். எழுதிக் குடுங்களேன்."

அதனால்தான் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்னுடையது. அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, அந்த மருத்துவமனையில் பில் போடும் கணினிக்கு ஆளாகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் கேபிள் இழுக்கவும், கிளைகளுக்கு இணைப்புக் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. கை வேகமாக இருந்தது, பேரும் கிடைத்தது. எங்கே கோளாறு என்றாலும் "ஜெசிந்தாவக் கூப்பிடுங்க" என்றார்கள். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் காதர் சார். உத்தமபாளையத்துக்காரர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது ஒன்று நின்றுபோனால், "யாரு தொட்டா?" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்பார்கள். அவர் அப்படிக் கேட்கமாட்டார். "நேத்து ஓடுனதுக்கும் இன்னைக்கு நிக்கிறதுக்கும் நடுவுல என்ன மாறுச்சு?" என்பார். ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் கோபப்படமாட்டார். அதே கேள்வியை மறுபடியும், அதே குரலில் கேட்பார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று ஒவ்வொரு ரவுட்டரிலும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அச்செடுத்து, ஓரத்தில் துளை போட்டு, நாடா கட்டி, இரும்பு பீரோவில் வைப்பார். காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ரவுட்டர் என்பது, எந்தக் கிளையின் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரிவரியாக எழுதப்பட்டிருக்கும் பெட்டி. அதற்குள் அந்த வரிகளுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. இன்னொன்று சேமித்து வைத்திருப்பது. நாம் புதிதாக ஒரு வரியைத் தட்டினால் ஓடுகிற பிரதியில் அது உடனே சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் சேமி என்று தனியாக ஓர் ஆணை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், என்றைக்காவது மின்சாரம் போய்ப் பெட்டி அணைந்து மறுபடி ஓடத் தொடங்கும்போது, அது சேமித்த பழைய பிரதியைத்தான் படிக்கும். நாம் தட்டியது தட்டாததாகிவிடும்.

கூடலூர்க் கிளையில் சி.டி. ஸ்கேன் இயந்திரம் வைத்தார்கள். குமுளி மலைப்பாதையில் அடிபட்டு வருகிறவர்கள் அங்கேதான் முதலில் வருவார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர் தேனியில் இருந்தார். கூடலூரில் எடுத்த படம் சில நிமிடங்களில் அவருடைய திரைக்கு வரும். புது இயந்திரத்துக்குத் தனி முகவரி கொடுத்திருந்ததால், தேனி ரவுட்டரில் அதற்கான வழியை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தார்கள். எல்லாம் ஓடியது. நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு நாள் காலை ஏழு மணி வாக்கில் தேனியில் மின்சாரம் போனது. யு.பி.எஸ். பேட்டரி தாங்கவில்லை. இரண்டு நிமிடம் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. பில் ஓடியது, ஆய்வகம் ஓடியது, கிளைகளில் இருந்து யாரும் புகார் சொல்லவில்லை. பேட்டரி மாற்ற ஆளுக்குச் சொல்லிவிட்டு நான் வேறு வேலையில் இறங்கினேன்.

எட்டரை மணிக்குக் கூடலூரிலிருந்து அழைப்பு வந்தது. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஜீப் மலைப்பாதையில் சாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ராஜாத்தி என்ற பெண்ணுக்கு மட்டும் தலையில் அடி. நினைவு வந்து வந்து போகிறது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. படம் தேனிக்கு வரவில்லை.

கூடலூரில் இணைப்பைப் பார்த்துக்கொண்டவர் முருகேசன். விவசாயக் குடும்பம். மலையாளமும் பேசுவார். அதனால் அந்தப் பக்கத்து நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பதும் அவர் வேலையாகவே ஆகியிருந்தது. நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல கேபிளை மாற்றினார், சுவிட்ச் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார், வேறு துளையில் மாட்டினார். அங்கிருந்து பார்த்தால் இயந்திரம் பதில் சொன்னது. தேனியிலிருந்து கேட்டால் சொல்லவில்லை. கூடலூரின் மற்ற கணினிகள் எல்லாம் ஒழுங்காக ஓடியதால், கோளாறு ஸ்கேன் அறையில்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். நானும்தான். அதற்கு முருகேசனே ஒரு காரணமும் கொடுத்தார்.

"அக்கா, நேத்து வெள்ளையடிக்க ஆளு வந்தாக. அந்த ரூம்ல கேபிளக் கழத்தி மாட்டுனது நாந்தான். அதுக்குப் பெறகு ஸ்கேனுக்கு ஆளு வரல, சோதிச்சுப் பாக்கல" என்றார். அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

கூடலூர் டாக்டர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். இதோ வந்துவிடும் என்று நாங்கள் சொன்னதை நம்பி இன்னும் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு பொறுக்காமல் ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்து ராஜாத்தியை ஆம்புலன்சில் ஏற்றினார். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டித் தேனிக்கு வந்து, இங்கே பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. முதல் படமே வந்திருந்தால் கூடலூரிலிருந்து ஒரு நிமிடமும் காத்திராமல் புறப்பட்டிருப்பாள்.

நிர்வாக அதிகாரி கூடலூருக்குத் தொலைபேசி போட்டார். கேபிளைத் தொட்டது யார் என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. முருகேசன் விளக்கக் கடிதத்தோடு மதியம் தேனிக்கு வர வேண்டும், மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

அப்போதுதான் காதர் சார் எழுந்து பீரோவைத் திறந்தார். மாதம் பிறந்து எடுத்த அச்சுப்பிரதியை மேசையில் விரித்தார். அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்த அமைப்பை என்னை அச்செடுக்கச் சொன்னார். வரிக்கு அடியில் மர ஸ்கேலை வைத்து அவர் பழையதை வாசித்தார். நான் புதியதில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று பக்கம். அவர் அவசரப்படவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான்காவது பக்கத்தில் அவர் ஒரு வரியை வாசித்தார். என் தாளில் அது இல்லை.

"திரும்ப வாசிக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். கூடலூர் ஸ்கேனுக்கான வழி அதுதான். அதைத் தட்டியது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முருகேசன் மறுமுனையில் தொலைபேசியோடு நிற்க, நான் தட்டியதும் முதல் படம் வந்தது. டாக்டர் கைதட்டினார். அதே நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிரிண்டர் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. நான் ஓடினேன். சேமி என்ற ஆணையைக் கொடுக்கவில்லை.

வரியைத் தட்டினேன். சேமித்தேன். இரண்டு முறை சேமித்தேன். கூடலூர்ப் படங்கள் திரையில் இறங்கின. அறையில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டாள் என்று யாரோ வெளியே போய்ச் சொன்னார்கள். படம் பார்க்கும் டாக்டர் வந்து கையைக் குலுக்கினார். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் இன்றைக்கும் வெட்கப்படுவது அந்த வரியை மறந்ததற்கு அல்ல, அந்த டீயைக் குடித்ததற்கு.

காதர் சார் மட்டும் இரண்டு மாதத்துப் பிரதிகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அந்த வரி இல்லை, அடுத்ததில் இருந்தது.

"இதுக்கும் இதுக்கும் நடுவுல யாரோ போட்டிருக்காக. சேமிக்காம விட்டிருக்காக" என்றார். "யாருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கமா?"

"இல்ல சார்."

எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுதான். பெட்டிக்கு யார் தட்டினாலும் ஒன்றுதான். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் அது தெரிய வழியில்லை என்று சொல்லித் தாள்களை மடித்தார். அவருக்கு அப்போதே தெரியுமா என்று நான் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டு, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தாரோ என்னவோ.

இரண்டு மணிக்கு முருகேசன் வந்தார். பஸ்ஸில் வந்த வியர்வையோடு நிர்வாக அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் விளக்கக் கடிதம். அதை என்னிடம் நீட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். கேபிளைக் கழற்றியது என் தவறு, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

கடிதத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன். காதர் சாரும் உள்ளே இருந்தார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பிரிண்டர், சேமிக்காதது, எல்லாம்.

நிர்வாக அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. மருத்துவமனையின் பெயர் அவருக்குப் பெரிது. "கரண்டு போயி மெஷினு மறந்துருச்சுன்னு எழுதிருவோம். அந்தப் பையனையும் விட்டுருவோம். கரண்டு போனது உண்மதான?" என்றார்.

"கரண்டு போனது உண்ம சார். மறந்தது மெஷின் இல்ல, நான்" என்றேன்.

அப்படி எழுதினால் என் பணிப்பதிவில் ஏறும் என்றார். ஏறட்டும் என்றேன். ஏனென்றால் மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டால் பேட்டரியை மாற்றிவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். சேமிக்காத வரிகள் இன்னும் எத்தனை பெட்டியில் எத்தனை இருக்கின்றன என்று யாரும் தேடமாட்டோம். இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். முருகேசன் அன்று மாலையே கூடலூருக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை காதர் சார் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். எந்தப் பெட்டியில் என்ன மாற்றம், எதற்காக, சரிப்படாவிட்டால் பழையபடி திருப்பும் வழி என்ன, யார் அனுமதித்தது, யார் செய்தது, யார் சோதித்தது, சேமித்தாயிற்றா.

"மொதப் பதிவு நீ எழுது" என்றார். "நேத்துப் போட்ட வரிய எழுது. எதுக்குன்னு எழுதும்போது, ரவுட்டரத் தெரியாத ஆளு வாசிச்சாலும் புரியணும்."

'கூடலூரில் எடுக்கும் தலைப் படம் தேனி மருத்துவருக்குத் தெரிய' என்று எழுதினேன். அது போதும் என்றார்.

அந்த வாரமே எல்லாப் பெட்டிகளிலும் ஓடுவதையும் சேமித்ததையும் ஒப்பிட்டோம். சேமிக்காத வரிகள் வேறு ஐந்து பெட்டிகளில் இருந்தன. அவற்றில் சிலவற்றை யார் போட்டார், எதற்குப் போட்டார் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லோருக்கும் தனித்தனிப் பெயரில் நுழைவு கொடுத்தோம். மாற்றம் எதுவாக இருந்தாலும் நோயாளிக் கூட்டம் குறையும் மதியம் இரண்டரை மணிக்கு மேல்தான் என்று விதி வைத்தோம். அவசரமென்றால் முன்பே செய்யலாம், ஆனால் எழுதாமல் செய்யக்கூடாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கக் கூடலூருக்குப் போனேன். முடித்ததும் ராஜாத்தியின் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். முருகேசன் வேண்டாம் என்றார். பிறகு அவரே கூட்டிப் போனார். அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்திருந்தாள். வலது கையில் விரல்கள் சரியாக மடங்கவில்லை. இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காத்திருந்த அந்த நேரத்தால்தான் கை இப்படி ஆனதா என்று நான் மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் யார் என்பதையும், அன்றைக்குப் படம் போகாததற்கு நான்தான் காரணம் என்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குப் படம்னா என்னன்னு தெரியாது ஆத்தா" என்றாள். "நாளைக்கு இன்னொருத்தி இப்பிடி விழுந்து வந்தா அவளுக்குப் படம் போகுமா?"

"போகும்."

"அப்ப அதப் பாரு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினாள். மீதி இருந்த வருடங்கள் முழுக்க நான் செய்தது அந்த வேலைதான்.

காதர் சார் ஓய்வு பெற்ற பிறகு பொறுப்பு எனக்கு வந்தது. நோட்டை வைத்துக்கொண்டு நான் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினேன். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மதுரையிலிருந்து கருவி விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து, ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், பத்து நிமிட வேலை என்றார். வெளியே நோயாளிகள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. சரிப்படாவிட்டால் திருப்பும் வழி என்ன என்று கேட்டேன். இதுவரை எங்கேயும் அப்படி ஆனதில்லை என்று சிரித்தார். அதை எழுதித் தாருங்கள் என்று நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் நேராக நிர்வாக அதிகாரியிடம் போனார். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மதுரையிலிருந்து வந்தவரைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்றார். திருப்பும் வழி எழுதாமல் அனுமதிப்பதென்றால் அனுமதித்தவர் என்ற இடத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று நோட்டை அவர் மேசையிலும் வைத்தேன். அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

பொறியாளர் கோபத்தோடு பஸ் ஏறினார். அடுத்த வாரம் திருப்பும் வழியை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு, மதியம் இரண்டரைக்கு வந்தார். புதுப்பித்தோம். பெட்டி எழவில்லை. அவர் எழுதிய பக்கத்தை எடுத்து முதல் வரியிலிருந்து நான் வாசிக்க, அவர் செய்தார். பதினோரு நிமிடத்தில் பழையபடி ஓடியது. கிளைகளில் பாதிப் பேருக்கு நின்றதே தெரியாது. போகும்போது நோட்டில் இருந்த அந்தக் கோடுகளையும் தலைப்புகளையும் தன் டைரியில் வரைந்துகொண்டு போனார்.

சுகன்யாவின் பிரிவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் மென்பொருள் எது மாறியது, யார் மாற்றினார் என்று சொல்லிவிடும். எதற்கு என்று அதனால் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியை வைக்கும்போது, ஆறு மாதம் கழித்து அந்த வரி தேவையா, எடுத்துவிடலாமா என்று யோசிக்கப்போகும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

என் கடைசி வேலை நாளன்று மதியம் இரண்டரை மணிக்கு ஒரு மாற்றம் வைத்திருந்தோம். எல்லாக் கருவிகளிலிருந்தும் என் பெயரை நீக்குவது. அதையும் எழுத வேண்டும் என்று நான்தான் சொன்னேன். என்ன மாற்றம் என்ற இடத்தில் 'ஜெசிந்தாவின் நுழைவை நீக்குதல்' என்று சுகன்யா எழுதினாள். எதற்கு என்ற இடத்தில் 'பணி ஓய்வு' என்று எழுதினாள். திருப்பும் வழி என்ற இடத்தில் பேனா நின்றது.

"இதுக்கு என்ன மேடம் எழுத?"

"வேற ஆளுக்கு வேற பேருல புதுசாத் திறக்கலாம்னு எழுது. என் பேருல வேண்டாம்."

அவள் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கருவியாக நீக்கிச் சேமித்தாள். சோதிக்க வேண்டியது நான். கூடலூர் ரவுட்டரைத் திறந்து என் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. தவறாகத் தட்டியிருப்பேனோ என்று இன்னொரு முறை நிதானமாகத் தட்டினேன். அதே பதில்தான்.

நோட்டை என் பக்கம் இழுத்து, சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'சரியாக வேலை செய்கிறது.'